ஏழுமலையின் வலது முட்டி

சென்ற மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, நான் கடைசியாக வேலை பார்த்த எலும்பு மருத்துவமனையில் ஒரு புதிய இயந்திரம் வந்து இறங்கியது. என்னையும் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் நோயாளியின் ரத்தத்தை வைத்தால், மறுபக்கம் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், நிறைந்த மஞ்சள் நீர் ஊசிக்குழலிலேயே ஏறி நிற்கிறது. கை படுவதில்லை, சத்தமும் இல்லை. அதைச் சுற்றி நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

என் இடத்தில் இப்போது டெக்னீஷியனாக இருக்கும் கௌசல்யா கேட்டாள்: "சார், இதையெல்லாம் நீங்க கையாலதான் பிரிச்சீங்களாமே? எழுதிக் குடுங்க சார். அப்படியே அந்த மாத்தி ஊசி போட்ட கதையையும் எழுதிடுங்க. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க."

விசாரித்ததில் அந்தக் கதை மூன்று வடிவங்களில் உலவுவது தெரிந்தது. ஒன்றில் டாக்டர் மயங்கி விழுகிறார். இன்னொன்றில் நோயாளி ஊசியோடு எழுந்து ஓடுகிறார். மூன்றாவதில் நான் இரண்டு பேரின் ரத்தத்தை மாற்றிவிடுகிறேன். மூன்றும் பொய். நான் தினமும் குறிப்பு எழுதுகிறவன்; கிழமை, திதி, மணி எல்லாம் என்னிடம் இருக்கின்றன. என் தவற்றைக்கூட மற்றவர்கள் தவறாகச் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் சம்பந்தம். ஆய்வக வேலைக்குப் படித்து, அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் சிறுநீர், மலம், சளி, ரத்தம் ஆகியவற்றைப் பார்த்தேன். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் வாசிப்பவர்கள் எப்போது சாப்பிட உட்காருவார்கள் என்று தெரியாததால் விட்டுவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை ஓய்வு பெற்றேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செங்கம் சாலையில் டாக்டர் நிர்மலாவின் எலும்பு மருத்துவமனையில் சேர்ந்தேன். நடுவில் இருந்த ஞாயிற்றுக்கிழமையில் என் மனைவி, நான் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்துவிட்டாள். வேலைக்குப் போகச் சொன்னது அவள்தான்.

டாக்டர் நிர்மலா அப்போதுதான் முட்டித் தேய்மானத்துக்கு அந்த ஊசியைப் போட ஆரம்பித்திருந்தார். நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, அதில் தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து, அவருடைய மூட்டுக்குள்ளேயே திருப்பிச் செலுத்துவது. ஊரில் இதற்குச் சொந்த ரத்த ஊசி என்று பெயர்.

வேலை இப்படி. கையிலிருந்து முப்பது மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் வைக்கும் மருந்து இருக்கிற குழாய்களில் விட வேண்டும். குலுக்கக் கூடாது. தூங்குகிற குழந்தையைப் புரட்டுவது போல ஏழெட்டு முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு சுற்றுகிற இயந்திரம். அதில் ஒரு குழாய் வைத்தால் நேர் எதிரே அதே எடையில் இன்னொன்று இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் மேசையின் மேலேயே நடக்கத் தொடங்கும். ஒற்றைக் குழாய் மிஞ்சினால் எதிரில் தண்ணீர்க் குழாய் வைப்போம். முதல் சுற்று மெதுவாக. நின்றதும் பார்த்தால் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், நடுவில் வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு வெள்ளைப் படலம். சிவப்பைத் தொடாமல் மஞ்சளை உறிஞ்சி எடுப்பதுதான் தொழில். நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். இரண்டாவது சுற்று வேகமாக. மேலே இருப்பதைக் கழித்துவிட்டு, அடியில் செறிந்த நான்கைந்து மில்லியை டாக்டர் கையில் கொடுப்பேன்.

கோயிலில் முறை பார்க்கும் குருக்கள் ஒருவர் இயந்திரத்தை மூடுவதற்கு முன் எட்டிப் பார்த்தார்.

"எதிர்ல இருக்கறது யாரோடது?"

"தண்ணிங்க சாமி. எடைக்கு வெச்சிருக்கோம்."

"குழாத் தண்ணியா, கேன் தண்ணியா?"

"கேன் தண்ணிங்க."

"அப்ப சரி. சுத்துங்கோ."

மஞ்சள் நீரைப் பார்த்தே காலைச் சாப்பாட்டைச் சொல்லிவிடுவேன். எண்ணெய், நெய் தின்றவருடையது தெளியாமல் பால் மாதிரி கலங்கி நிற்கும். ஒருவரிடம், "வெறும் வயித்துல வரச் சொன்னோமே?" என்றேன். "வெறும் வயிறுதாங்க. பிரசாதம் மட்டும்தான்" என்றார். எவ்வளவு பிரசாதம் என்று கேட்டேன். "நாலு தொன்னை" என்றார்.

ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஊசியில் விலங்கிலிருந்து எடுத்த பொருள் ஏதாவது உண்டா என்று கேட்டார். பால், தயிர்கூடத் தொடாத சைவம் அவர். உங்கள் ரத்தம் மட்டும்தான் என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் சரி, அது பன்னிரண்டு வருஷமாகச் சைவம்தான் என்றார்.

இனி டாக்டரைப் பற்றி. டாக்டர் நிர்மலா, நோயாளி உள்ளே வந்ததும் அவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். அதன்பின் அவர் வெளியே போகும் வரை முட்டியோடுதான் பேச்சு. குனிந்து, இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, மடங்க மாட்டியா? எங்க புடிக்குது, இங்கயா? சரி சரி, கோச்சுக்காத" என்பார். நோயாளிகளும் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொண்டு, முட்டிக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், "அது காலைல எழுந்திருக்கறப்பதான் அடம் புடிக்கும் டாக்டர், அப்புறம் சொன்ன பேச்சு கேக்கும்" என்று தன் மாணவனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

ஊசிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் டாக்டர் மூன்று வாக்கியங்கள் சொல்வார். "இது உங்க ரத்தம்தான். வலி கம்மியாகலாம், ஆகாமலும் போகலாம். தேஞ்சது திரும்ப வளராது." மூன்றாவது வாக்கியத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். தேய்ந்தது வளரும் என்று சொல்கிறவர்கள் அப்போதே நிறையப் பேர் இருந்தார்கள். "அந்தக் கடைசி வாக்கியத்த ஊசி போட்டப்புறம் சொல்லலாமே மேடம்" என்று ஒருமுறை கணக்கர் சொல்லிப் பார்த்தார். டாக்டர் அவர் முட்டியைப் பார்த்தார். அவர் போய்விட்டார்.

அடுத்து, வெட்கத்தோடு, என் கொள்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் மலையை வலம் வருகிறவர்கள் எல்லோரும் மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் நடக்கிறார்கள். அதாவது பதினான்கு கிலோமீட்டரும் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகிறார்கள். இடது கால் வெளிவட்டம், வலது கால் உள்வட்டம். இரண்டு பாதங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு முழு வலத்துக்கு இடது கால் வலது காலைவிட நான்கு அடி கூடுதலாக நடக்கிறது. நாற்பது வருஷம் மாதம் தவறாமல் சுற்றியவரின் இடது கால், ஏறக்குறைய இரண்டாயிரம் அடி ஜாஸ்தி நடந்திருக்கும். ஆகவே இவ்வூர்க்காரர்களுக்கு இடது முட்டிதான் முதலில் தேய வேண்டும்.

இதற்கென்று ஒரு நோட்டு போட்டேன். இடது என்று ஒரு பத்தி, வலது என்று ஒரு பத்தி. வருகிற ஒவ்வொரு முட்டிக்கும் ஒரு கோடு, பின்பக்கம் ஆள் விவரம். இடது பத்தி வளர்ந்துகொண்டே போனது. ஒரு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து டாக்டரிடம் காட்டினேன். நான்கு பக்கங்கள் பொறுமையாகப் புரட்டினார்.

"கிரிவலமே போகாதவங்கள எழுதினீங்களா சம்பந்தம்?"

"இல்ல மேடம்."

"கிரிவலம் போயி முட்டி வலிக்காதவங்கள?"

"அவங்க நம்ம கிளினிக்குக்கு வரலயே மேடம்."

நோட்டை மூடிக் கையில் கொடுத்தார். "எழுதுங்க. கையெழுத்து அழகா இருக்கு" என்றார்.

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தொடர்ந்தேன். இதனால் வந்த வினைதான் ஏழுமலை.

ஏழுமலைக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. வயது அறுபத்தொன்று. அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். குந்தி உட்கார்ந்துதான் அந்தப் பயிரில் பாதி வேலை. புரட்டாசி மாதக் கடைசி வியாழக்கிழமை மகன் சரவணனோடு வந்தார். சரவணன் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். கையில் கோப்போடு வந்திருந்தான்.

"மேடம், அப்பாவுக்குத் தை மாசம் முட்டி மாத்தற ஆபரேஷனுக்கு வேலூர்ல டேட் வாங்கிட்டேன். இவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு."

"முட்டிய எடுத்துட்டு இரும்பு வெப்பாங்களாம்மா" என்றார் ஏழுமலை, டாக்டரிடம். "நான் கழனில நிக்கறவன். மழைல துரு புடிச்சா?"

"துரு புடிக்காதுப்பா, எத்தன தடவ சொல்றது!"

"நீ வெச்சிக்கிட்டியா? உனக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவும் மகனும் வீட்டிலேயே ஓர் உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள். இந்த ஊசியைப் போட்டுப் பார்ப்பது. வலி குறைந்தால் ஆபரேஷன் கிடையாது. குறையாவிட்டால், ஏழுமலை மறுபேச்சு பேசாமல் தை மாதம் வேலூருக்கு வண்டி ஏறுவது. டாக்டர் தன் மூன்று வாக்கியங்களைச் சொன்னார். ஏழுமலை எழுந்து போகவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு முட்டிகளும் தேய்ந்திருந்தன, வலி வலதில்தான். டாக்டர் அப்படியே எழுதினார். நானும் அன்றிரவு என் நோட்டில் ஏழுமலைக்கு வலது பத்தியில் ஒரு கோடு போட்டேன். எனக்கு எதிராகச் சாட்சி சொன்ன மனிதர் என்று கொஞ்சம் வருத்தத்தோடுதான் போட்டேன்.

ஊசி நாள், ஐப்பசிப் பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. பௌர்ணமிக்கு அடுத்த வாரம் எங்களுக்கு எப்போதும் கூட்டம். காலையிலிருந்து ஐந்து முட்டிகள், ஐந்தும் இடது. நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். ரத்தம் எடுத்துப் பிரித்து வைப்பது மட்டுமல்லாமல், ஊசி போட வேண்டிய முட்டியில் ஊதா மையால் வட்டம் போடுவதும் என் வேலையாக இருந்தது. ஏழுமலையின் சீட்டு டாக்டர் மேசையில் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். அவரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்டேன்; ஆனால் வேறு கேள்வி.

"கிரிவலம் போறதுண்டா?"

"எனக்கு வீடே கிரிவலப் பாதையிலதாங்க சார்."

வீடே கிரிவலப் பாதையில்! இடது முட்டியில் வட்டம் போட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு வட்டமாக எதையும் வரைந்ததில்லை.

ஏழுமலை அந்த வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலை நீட்டிக்கொண்டார்.

பத்து நாற்பதுக்கு டாக்டர் வந்தார். முட்டி மட்டும் தெரியும்படி பச்சைத் துணி போர்த்தியிருந்தது. குனிந்து, "என்னம்மா, நீதானா? ரெடியா?" என்று முட்டியைக் கேட்டார். வழக்கமாக இந்த இடத்தில் நோயாளி ஆமாம் என்பார். நான் முந்திக்கொண்டு, "லெஃப்ட், மேடம்" என்றேன். ஏழுமலை தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணும் ஆகாது, பேசாம இரு" என்று டாக்டர் முட்டியிடம் சொன்னார். ஏழுமலை இன்னொரு தடவை கனைத்தார். ஊசி உள்ளே போய்விட்டது. தெளிந்த, அருமையான பிளாஸ்மா. காலையில் அவர் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

ஒரு வாரம் குந்தக் கூடாது, வலி மாத்திரை சாப்பிடக் கூடாது, பனிக்கட்டி ஒத்தடம் கொடுக்க வேண்டும், தொடைக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம்.

அன்று மாலை ஏழு மணிக்கு வேங்கிக்காலில் என் வீட்டில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். இடது பத்தியில் ஆறாவது கோட்டைப் போட்டுவிட்டு, பழக்கத்தால் முந்தைய பதிவைச் சரிபார்க்கப் பின்னால் புரட்டினேன். "ஏழுமலை, அடி அண்ணாமலை, 61, வலது." என் கையெழுத்து. டாக்டர் சொன்னது உண்மைதான், அழகாகத்தான் இருந்தது.

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். "ஒரு மனுஷனுக்கு வேற கால்ல ஊசி போட்டுட்டோம்" என்றேன். அவள், "போய்ச் சொல்லுங்க. சாப்டுட்டுப் போய்ச் சொல்லுங்க" என்றாள். அன்று பிற்பகலே டாக்டர் சென்னைக்குப் போயிருந்தார், இரவுதான் திரும்புவார்; போன் எடுக்கவில்லை. புதன்கிழமை காலை எட்டு இருபதுக்கு, மருத்துவமனைக் கதவு திறக்கும் முன்பே படியில் நின்றேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"ஏன் லெஃப்ட்டுன்னு சொன்னீங்க?"

"அவருக்கு வீடு கிரிவலப் பாதையில மேடம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி. நான் யாரக் கேட்டேன்?"

"முட்டியக் கேட்டீங்க மேடம்."

"அது பதில் சொல்லிச்சா?"

"இல்ல மேடம். நான் சொன்னேன்."

ஏழுமலையின் சீட்டை எடுத்தார். நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்துக்கு எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அதன்கீழ் என் கையெழுத்து. பிறகு ஏழுமலைக்குப் போன் செய்து வரச் சொல்லச் சொன்னார். ஏழுமலை போனில், "ஒரு வாரம் ஓய்வா இருக்கணும்னு நேத்துதானே சார் சொன்னீங்க?" என்று கேட்டார். அதைச் சொன்னதும் டாக்டர் கார் சாவியை எடுத்தார்.

அடி அண்ணாமலையில் ஏழுமலை வீட்டு வாசலில், தகரக் கொட்டகையின் கீழ், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது காலை ஒரு மூட்டை மேல் நீட்டி வைத்து, ஈரத் துண்டு சுற்றியிருந்தார். வலிக்காத காலுக்கு அவ்வளவு சிசுருஷை. ஊசி போட்டதால் இப்போது அதுவும் வலித்தது. சரவணனும் அன்று விடுப்பில் இருந்தான். டாக்டர் நின்றுகொண்டே சொன்னார்.

"பெரியவரே, நேத்து நாங்க தப்பு பண்ணிட்டோம். வலது முட்டில போட வேண்டிய ஊசிய இடது முட்டில போட்டுட்டோம்."

"தெரியுங்கம்மா" என்றார் ஏழுமலை.

"தெரியுமா?"

"எந்தக் காலு வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க காலோட பேசிக்கிட்டிருந்தீங்க. நடுவுல பேசறது மரியாத இல்லயேன்னு விட்டுட்டேன். கனைச்சுப் பாத்தேன். அதுக்கு முன்னால சார் வேற பேனாவால வட்டம் போட்டுட்டாரு. படிச்சவங்க எழுதிட்டாங்க, அத எப்படிங்க மாத்தறது? இப்படிப் போட்டாதான் அந்தப் பக்கம் ஏறுமோ என்னமோன்னு நெனச்சேன்."

சரவணன் எழுந்தான். "மேடம், இது பெரிய தப்பு. நான் புகார் குடுப்பேன்."

"குடுக்கலாம்" என்றார் டாக்டர். "நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இந்தாங்க நகல். வேற ஏதாவது பேப்பர் வேணும்னாலும் கேளுங்க."

புகார் கொடுக்கப் போகிறவனுக்கு எதிராளியே தாள் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? சரவணன் அதை இரண்டு தடவை படித்தான். அலுவலகப் பழக்கம்; கடைசியில் தேதி இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. கோப்பில் வைத்துக்கொண்டான்.

ஆறு வாரம் போகட்டும், வலது முட்டிக்கு எங்கள் பொறுப்பில் போடுகிறோம் என்று டாக்டர் சொன்னார். இதற்குள் ஏழுமலையின் மனைவி எங்கள் இருவருக்கும் மோர் கொண்டுவந்து, "கால் மாறினா என்னம்மா, ஆள் மாறலயே" என்றார். நான் குடித்த மோர்களிலேயே விழுங்கச் சிரமமாக இருந்தது அதுதான்.

மார்கழி பிறந்த முதல் வாரம், வியாழக்கிழமை, ஏழுமலை வந்தார். படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறி வந்தார்.

"நல்லா இருக்குங்கம்மா."

"எது?"

"ரெண்டும்."

டாக்டர் நம்பவில்லை. கோணம் பார்க்கும் அளவுகோலை எடுத்து வலது முட்டியை மடக்கி அளந்தார். முன்பைவிட நன்றாக மடங்கியது. வாசல் வரை நடந்து வரச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். முன்பைவிடச் சீக்கிரம் வந்தார். ஊசி படாத முட்டி. பிறகு துருவித் துருவிக் கேட்டதில் உண்மை வெளிவந்தது. ஓய்வு என்றதால் ஏழுமலை ஆறு வாரமும் கழனிப் பக்கம் குந்தவே இல்லை. மொபெட்டை வலது காலால் உதைத்துக் கிளப்புவதை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரை உதைக்கச் சொல்லியிருக்கிறார். தொடைப் பயிற்சியை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

"ரெண்டு காலுக்கும் செஞ்சீங்களா?"

"ஒண்ணுக்கு மட்டும் செஞ்சா இன்னொண்ணு கோச்சுக்காதுங்களா?"

இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று டாக்டர் கேட்கவில்லை.

இப்போது சரவணன் ஒரு சட்டச் சிக்கலை எழுப்பினான். உடன்படிக்கை என்ன? ஊசி வேலை செய்தால் ஆபரேஷன் இல்லை. வலது முட்டிக்கு ஊசியே போடவில்லை. ஆகவே ஊசி வேலை செய்தது என்று சொல்ல முடியாது. ஆகவே தை மாதம் ஆபரேஷன். ஏழுமலை கட்சி வேறு. வலி குறைந்தால் ஆபரேஷன் இல்லை என்றுதான் பேச்சு. குறைந்துவிட்டது. எப்படிக் குறைந்தது என்பது தன் முட்டியின் சொந்த விஷயம். இருவரும் டாக்டரைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். டாக்டர் ஏழுமலையின் முகத்தைப் பார்த்துப் பேசினார். நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து பார்க்காத காட்சி.

"வலி கம்மியாயிருக்கு. அது ஊசியால இல்ல. நீங்க செஞ்ச பயிற்சியாலயும், கால பாத்துக்கிட்டதாலயும்தான்னு நெனைக்கறேன். எத்தன நாள் இப்படி நிக்கும்னு சொல்ல முடியாது. தேஞ்சது தேஞ்சதுதான். மறுபடி வலி ஜாஸ்தியாச்சுன்னா ஆபரேஷன்தான் சரி. அன்னிக்கு நானே சொல்றேன். இப்ப அவசரம் இல்ல."

"அன்னிக்கு நீங்க சொன்னா போறேம்மா" என்றார் ஏழுமலை. "வலது கால்ல ஊசி போட்டுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "நல்லா இருக்கறத எதுக்குங்க கெடுத்துக்கிட்டு" என்றார். சரவணன் வேலூருக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிவைத்தான்.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் எங்கள் மருத்துவமனையில் கதை மூன்று வடிவம் எடுத்திருக்காது. அடுத்த திங்கட்கிழமை, அடி அண்ணாமலையிலிருந்து ஒரே ஆட்டோவில் நான்கு பெண்கள் வந்து இறங்கினார்கள். முதல் அம்மாளுக்கு இடது முட்டி வலி.

"எனக்கு வலதுல போடுங்க" என்றார்.

"வலி எதுலம்மா?"

"இடதுல."

"அப்ப இடதுலதானே போடணும்?"

"ஏழுமலைக்கு மட்டும் எதிர்க்கால்ல போட்டீங்க, நாங்க என்ன பாவம் பண்ணோம்? வலிக்கற கால்ல போடறதுக்கு இங்க எதுக்கு வரணும்? அது எல்லாரும்தான் போடறாங்க!"

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். ஏழுமலைக்குச் செய்தது தவறு என்றார். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நுணுக்கம் வெளிய போயிடும்ல" என்றார் ஒருத்தி, எனக்குக் கேட்கிற மாதிரி. பொங்கல் முடிகிற வரைக்கும் எதிர்க்கால் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். எவருக்கும் போடவில்லை. வந்த எல்லோருக்கும் தொடைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம், இரண்டு காலுக்கும். டாக்டர் படிவத்தில் ஒரு வரி சேர்த்தார். எந்த முட்டி என்பதை நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். ஊழியர் சொல்லக் கூடாது. வட்டத்தையும் நோயாளி காட்டிய பிறகே போட வேண்டும். என் கொள்கை நோட்டை நானே பழைய பேப்பர்க்காரரிடம் போட்டேன்.

ஏழுமலையின் வலது முட்டி இரண்டு வருஷமும் சில மாதங்களும் தாங்கியது. ஒரு மாசி மாதத்தில் மறுபடி வந்தார், கம்போடு. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"பெரியவரே, இப்ப சொல்றேன். ஆபரேஷன்."

சரவணன் அப்பா என்ன சொல்வாரோ என்று கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். இரும்பு, துரு, கத்தி என்று எதுவும் வரவில்லை.

"சரிம்மா" என்றார் ஏழுமலை. மகன் பக்கம் திரும்பி, "டேட் வாங்குடா. தப்பு பண்ணத வீடு தேடி வந்து சொன்னவங்க. இவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பங்குனி இரண்டாவது புதன்கிழமை, பிற்பகல் மூன்று ஐந்துக்கு என் போன் அடித்தது. வேலூர் வார்டிலிருந்து ஏழுமலை. குரலை ரொம்பத் தாழ்த்தி, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

"சார், நாளைக்குக் காலைல ஆபரேஷன். இங்க ஒரு பொண்ணு பேனா எடுத்துக்கிட்டு வந்து எந்த முட்டின்னு கேக்குது. சொல்லலாங்களா?"

"சொல்லுங்க ஏழுமலை! நீங்கதான் சொல்லணும். சத்தமா சொல்லுங்க!"

போனை அணைக்காமலே திரும்பியிருக்க வேண்டும். "யம்மா! சோத்தாங்கை பக்கத்துக் காலு! இது! இதோ, இந்த முட்டி! நல்லாப் பாத்துக்கோ, சோத்தாங்கை பக்கம்!" என்று வார்டு அதிரக் கேட்டது. "ஐயோ பெரியவரே, கேட்டுச்சு, மெதுவா பேசுங்க, மத்தவங்க தூங்கறாங்க" என்றது ஒரு பெண் குரல். அவர் மெதுவாகப் பேசவில்லை. நான்காவது முறை சொன்னபோது நானே போனை வைத்தேன்.

மறுநாள் மாலை நான்கு பத்துக்குச் சரவணன் பேசினான்.

"ஆபரேஷன் முடிஞ்சுது சார். நல்லபடியா இருக்காரு. மயக்கம் தெளிஞ்சதும் எங்க யாரையும் தேடல. போர்வையத் தூக்கி எந்தக் கால்ல கட்டுன்னு பாத்தாரு. பாத்துட்டு மறுபடி தூங்கிட்டாரு."